ஸரீனாவின் பெட்டியிலிருந்து எடுத்த லென்ஸ்

போன நோன்புப் பெருநாளோடு என் வேலை மேசையை மூடிவிட்டேன். மூடச் சொன்னது கண் டொக்டர். ஆனால் அவர் சொல்வதற்கு ஒரு வருஷத்துக்கு முன்பே எனக்கு விஷயம் தெரியும். உருக்கிய ஈயத்தை வைக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு அதற்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரு தடவை என்றால் கவனக்குறைவு என்று சொல்லிக்கொள்ளலாம். அதே கிழமைக்குள் இரண்டாவது தடவையும் நடந்தது.

புத்தளத்திலும் சிலாபத்திலும் டீவியில் பூட்டி விளையாடும் பழைய கேம் பெட்டி திருத்துகிற பிள்ளைகள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். என்னையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். சாமான் கிடைக்காத புலம்பல்தான் அதில் முக்கால்வாசி. சீனாவுக்கு ஓடர் போட்டால் வருவதற்கு ஒரு மாதம், வந்த மூன்றில் இரண்டு வேலை செய்யாது. பழைய பெட்டிகளைத் தேடி வாங்குகிறவர்கள் கூடிவிட்டதால் சீடியைப் படிக்கும் நல்ல லென்ஸுக்கு இப்போது பவுன் விலை சொல்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு முன் ஒருவர் கேட்டார்: "ராத்தா, நீங்க அந்தக் காலத்தில லென்ஸ் எல்லாம் எங்க எடுத்தீங்க?" குரல் பதிவில் பதில் சொல்லத் தொடங்கினேன். கதை நீண்டுகொண்டே போனது. அழித்துவிட்டு எழுதுகிறேன்.

தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்களை இயக்கம் வெளியேற்றியபோது எனக்குப் பத்தொன்பது வயது. படகில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கினோம். அந்தக் கதையை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். அகதி முகாமில் வேலை தேடிய பெண்களில் நானும் ஒருத்தி என்பது மட்டும் இங்கே போதும். புத்தளம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ரேடியோ, டீவி திருத்தும் கடை வைத்திருந்த ஹனீபா நாநா, மின்விசிறி மோட்டாருக்குக் கம்பி சுற்ற மெல்லிய விரல் உள்ள ஒரு பிள்ளை வேண்டும் என்று முகாமுக்கு வந்து கேட்டார். வாப்பா என் கையைக் காட்டினார்.

இரண்டு வருஷம் கம்பி சுற்றினேன். பிறகு ஈயம் வைக்கப் பழகினேன், ரேடியோ, பிறகு டீவி. கலியாணம் முடித்துக் கரைத்தீவில் குடியேறினோம். மாப்பிள்ளைக்கு உப்பளத்தில் வேலை. நான் தினமும் பஸ்ஸில் கடைக்குப் போய் வந்தேன். கேம் பெட்டிகள் வரத் தொடங்கியபோது நாநா ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டு என் பக்கம் தள்ளினார்.

"என்ட விரல் இதுக்குத் தடிப்பு தங்கச்சி. இனி இது உங்கட வேலை."

அகதிப் பிள்ளையைக் கடையில் வைத்திருக்கிறார் என்று அந்தக் காலத்தில் ஊருக்குள் சிலர் கதைத்தார்கள். நாநா உள் அறையில் இருந்த என் மேசையைத் தூக்கிவந்து கடை வாசலில், ரோட்டைப் பார்த்த மாதிரிப் போட்டார். போகிறவர் வருகிறவர் எல்லாரும் நான் வேலை செய்வதைப் பார்த்தார்கள். கொஞ்ச நாளில் கதை நின்றுவிட்டது.

நாநாவின் வேலை முறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாமான் கொண்டு வருகிறவரை முதலில் கதிரையில் இருக்கச் சொல்வார். அவர் சொல்ல வந்ததை எல்லாம் சொல்லி முடிக்கும்வரை ஸ்க்ரூ டிரைவர் மேசை லாச்சியை விட்டு வெளியே வராது. சிலர் பெட்டி பழுதான கதையோடு மாமியார் கதையையும் சேர்த்துச் சொல்வார்கள். அதையும் கேட்பார். பிறகு பெட்டிக்குக் கரண்ட் கொடுத்து, மூடியைத் திறக்காமலே காதை வைத்துக் கேட்பார். சீடி சுற்றும் சத்தம், லென்ஸ் தேடி ஓடும் சத்தம், அது தடுக்கி நிற்கும் சத்தம், எல்லாம் அவருக்கு வெவ்வேறு. அதற்குப் பிறகுதான் ஸ்க்ரூ. கழற்றிய ஸ்க்ரூக்களை முட்டைத் தட்டின் குழிகளில் வரிசைப்படி போடுவார். கழற்றிய பழுதான சாமானைக் கடதாசிப் பையில் போட்டு, பெயர் எழுதி, சொந்தக்காரர் கையிலேயே கொடுப்பார். "இது எனக்கு என்னத்துக்கு?" என்று அவர்கள் கேட்பார்கள். "உங்கட சாமான். வீசுறதெண்டால் நீங்க வீசுங்க" என்பார்.

இன்னொன்று. வேலை முடிந்தும் எடுக்க ஆள் வராத பெட்டிகள் சுவரோரம் ஒரு ராக்கையில் இருந்தன. தூசு படிந்து, சிலது வருஷக்கணக்கில். அதிலிருந்து ஒரு சாமான் எடுக்கலாமா என்று ஆரம்பத்தில் ஒரு தடவை கேட்டேன்.

"அது அமானிதம், நம்பித் தந்த சாமான். அவங்க பத்து வருஷம் வராட்டியும் எங்கட இல்ல" என்றார்.

அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் கதைக்கவில்லை.

சாமான் எங்கிருந்து வந்தது என்றால், மூன்று வழி இருந்தது. ஒன்று கொழும்பு, புறக்கோட்டை. அங்கே புதிய லென்ஸ் கிடைக்கும், ஆனால் நகல். நூற்றில் எத்தனை நிற்கும் என்று கடைக்காரரும் சொல்ல மாட்டார். இரண்டாவது, மதுரங்குளிப் பக்கம் பழைய சாமான் வாங்கச் சைக்கிளில் வரும் போத்தல் பத்திரக்காரர். கேம் பெட்டி எது கிடைத்தாலும் உடைக்காமல் எங்களுக்கு வைத்திருப்பார். மூன்றாவது வழியைக் கண்டுபிடித்தது நான். குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போகும் பெண்களிடம் சொல்லிவைத்தேன்: "உங்கட மேடம் வீட்டுப் பிள்ளைகள் உடைஞ்ச கேம் பெட்டி வீசினா, கேட்டு எடுத்து வாங்க." லீவில் வரும்போது பால்மா டின்னுக்கும் போர்வைக்கும் நடுவில் செத்த பெட்டி ஒன்றைச் சுற்றிக் கொண்டுவருவார்கள். பிள்ளைக்கு விளையாடத் திருத்தித் தரச் சொல்லி நல்ல பெட்டி கொண்டுவருகிறவர்களும் உண்டு. கனமூலை ஸரீனா அப்படித்தான் ஒரு சாம்பல் நிறப் பெட்டி கொண்டுவந்தாள். கரண்ட் வரும் பக்கத்தில் சின்னப் பழுது. திருத்தி வைத்தேன். அதற்குள் அவள் திரும்பிக் குவைத்துக்குப் போய்விட்டாள். பெட்டி ராக்கையில் இருந்தது. மூன்று வருஷம்.

நாநா ஹஜ்ஜுக்குப் போன வருஷம் கடை முழுவதும் என் பொறுப்பு. அவர் போய் நாலு நாளில் பள்ளிவாசல்துறையிலிருந்து பஸ்மியா என்றொரு இளம் பெண் வந்தாள். கைகளில் பெட்ஷீட்டில் சுற்றிய ஒரு பெட்டி. அதே சாம்பல் நிறம், அதே வகை. கடையில் அன்றைக்கு ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அவளைக் கதிரையில் இருக்கச் சொன்னேன், ஆனால் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்டேன்.

"என்ட மாப்பிள்ளைட பெட்டி ராத்தா. அவர் கடலுக்குச் சுழியோடுறவர். இப்ப போறதில்ல. இது சீடியைப் பிடிக்குதில்ல. கவிழ்த்து வச்சா கொஞ்ச நேரம்..."

"லென்ஸ் போயிட்டு," என்றேன். "புதுசு போடணும். வியாழன் வாங்க."

காதை வைத்துக் கேட்கவும் இல்லை.

கொழும்பிலிருந்து எடுப்பித்த லென்ஸைப் போட்டுக் கொடுத்தேன். மூன்றாம் நாள் திரும்பி வந்தது. இன்னொன்று போட்டேன். அது ஒரு கிழமை தாங்கியது. மூன்றாவது லென்ஸுக்குச் சொல்லியனுப்பினேன், இருப்பு இல்லை என்றார்கள். போத்தல்காரரிடமும் இல்லை. பெட்டி என் மேசையிலேயே கிடந்தது. ஒரு நாள் முற்பகல் பஸ்மியா வந்து கதிரையில் இருந்தாள்.

"பெட்டியைத் தாங்க ராத்தா. திருத்த வேணாமாம். அவர் சொல்லிட்டார்."

அப்போதுதான் முழுவதையும் சொன்னாள். நிஸாம் கடலட்டை எடுக்கச் சிலிண்டர் கட்டி இறங்குகிறவன். எட்டு மாதத்துக்கு முன் ஒரு நாள் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்தான். வள்ளத்தில் ஏறி ஒரு தேத்தண்ணி குடித்தான். பிறகு எழும்ப முடியவில்லை. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, அவசரமாக ஏறினால் உடம்புக்குள் காற்றுக் குமிழி கட்டிவிடுமாம். ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது கூடச் சுழியோடுகிற நாலு பேர் தினமும் பின்னேரம் வருவார்கள். வந்தவர்களுக்கு என்ன கதைப்பதென்று தெரியாது. ஒருவன் இந்தப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்து, கிரிக்கெட் சீடி போட்டான். அதற்குப் பிறகு வீட்டில் சத்தம் வந்தது. நிஸாம் கெப்டன், சண்டை பிடிப்பான், சிரிப்பான்.

"பெட்டி நின்ட பிறகு அவங்களும் வாறது குறைஞ்சிட்டு. குற்றம் சொல்ல ஏலாது, வந்து சும்மா இருந்திட்டுப் போகணும். இப்ப அவர் சுவர்ப் பக்கம் திரும்பித்தான் படுக்கிறார். நான் என்ன கேட்டாலும் ஓம் என்டு மட்டும் சொல்றார்."

அவள் அழவில்லை. பெட்டியைச் சுற்றுவதற்குப் பெட்ஷீட்டை மடியில் விரித்துவைத்திருந்தாள்.

"வெள்ளிக்கிழமை வாங்க," என்றேன். "கட்டாயம் திருத்தித் தாறன்."

அவள் போனதும் ராக்கையைப் பார்த்தேன். நடுப்பகல், லுஹர் தொழுகை நேரம், ரோட்டில் ஆள் குறைவு. ஸரீனாவின் பெட்டியை இறக்கித் தூசு துடைத்தேன். நாங்கள் லென்ஸ் என்று சொல்வது கண்ணாடிக் கண்ணை மட்டுமில்லை. அது ஓடுகிற தண்டவாளம், இரண்டு சின்ன மோட்டார், எல்லாம் சேர்ந்த ஒரு தட்டு. மூன்று இடத்தில் கழற்றித் தூக்கினால் முழுதாக வந்துவிடும். பத்து நிமிஷ வேலை. அவ்வளவு லேசாக முடிந்ததை நினைத்துத்தான் பிறகு பயந்தேன்.

நிஸாமின் பெட்டி பழுதில்லாமல் ஓடியது. அதிலிருந்து முதலில் கழற்றிய பழைய லென்ஸை பஸ்மியாவிடம் கொடுக்கவில்லை. கடதாசிப் பையில் போட்டேன், பெயர் எழுதினேன், லாச்சிக்குள் வைத்தேன். ஸரீனாவின் பெட்டியை வெறும் வயிற்றோடு மூடி ராக்கையில் ஏற்றினேன். அடுத்த கிழமை பஸ்மியா ஒரு பார்சல் கருவாடு கொடுத்தனுப்பினாள். அதை வீட்டில் ஆக்கினேன். என் பங்கை மாப்பிள்ளைக்கு வைத்தேன்.

நாநா ஸம்ஸம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்தார். பார்க்க வருகிறவர்களால் கடை நிறைந்திருந்தது. இரண்டு நாள் நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் கடை டெலிபோன் அடித்தது. நாநா எடுத்தார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கனமூலை ஸரீனா. வாற மாசம் வாறாவாம். பெட்டியைத் துடைச்சு வைங்க தங்கச்சி."

"அந்தப் பெட்டியில லென்ஸ் இல்ல நாநா," என்றேன்.

அவர் கையில் தேத்தண்ணிக் கோப்பை இருந்தது. அதைக் கீழே வைத்தார். நான் சொல்லி முடிக்கும்வரை, கடைக்கு வருகிற ஆட்களிடம் கேட்பது போலவே, குறுக்கே பேசாமல் கேட்டார். ஏசுவார் என்று நின்றேன்.

"பழைய லென்ஸ் எங்க?"

எடுத்துக் கொடுத்தேன். விளக்குக்குக் கீழே வைத்து, கண்ணைச் சின்னவிரலால் தண்டவாளத்தில் முன்னும் பின்னும் தள்ளினார்.

"அந்தப் பிள்ளை வந்த அன்டைக்கு என்ன சொல்லிச்சு? ஒரு சொல் விடாமச் சொல்லுங்க."

சொன்னேன். "கவிழ்த்து வச்சா கொஞ்ச நேரம்..." என்று என் வாயிலிருந்தே வந்தபோது நிறுத்திவிட்டேன். கவிழ்த்து வைத்தால் ஓடுகிறது என்றால் கண் பழுதில்லை. கண்ணைத் தாங்கி ஓடும் பிளாஸ்டிக் கால் ஒரு பக்கம் தேய்ந்து, கண் சரிந்து பார்க்கிறது. கவிழ்த்தால் பாரம் மற்றப் பக்கம் போய் நேராகிவிடும். இது எனக்குத் தெரியாத பழுதில்லை. எத்தனையோ பெட்டியில் பார்த்திருக்கிறேன்.

நாநா விளக்கை என் பக்கமாகத் திருப்பிவைத்துவிட்டு எழும்பிப் போனார்.

தேய்ந்தது ஒரு மயிர் அளவுதான். அந்த அளவுக்கு மெல்லியதாக, வழுக்கலாக ஏதாவது வேண்டும். கடதாசி ஊறிவிடும், தகரம் சுரண்டும். உம்மாவின் முழங்காலை எடுத்த பழைய எக்ஸ்-ரே படம் வீட்டில் இருந்தது. அதில் ஒரு ஓரத்தை அரிசி அகலத்துக்கு வெட்டினேன். ஒட்டுவதிலும் ஒரு வில்லங்கம். சீக்கிரம் காயும் பசையின் ஆவி பட்டால் கண்ணாடி வெளுத்துவிடும். அதனால் கண்ணைத் தனியாகக் கழற்றி வைத்துவிட்டு, காலில் மட்டும் ஒட்டி, ஒரு நாள் முழுக்கக் காற்றில் விட்டேன். பிறகு துடைத்து, ஒரு சொட்டு வெள்ளைக் கிரீஸ் தொட்டு, கண்ணைப் பூட்டி, விரலால் தள்ளிப் பார்த்தேன். தடக்காமல் ஓடியது. பெட்டியில் போட்டுப் பார்க்க முடியாது, பெட்டி பள்ளிவாசல்துறையில்.

"நானும் வரட்டா?" என்று நாநா கேட்டார்.

"வேணாம் நாநா. நான் போறன்."

பாலாவியில் பஸ் மாறி, பின்னேரம் போய்ச் சேர்ந்தேன். வீட்டு வாசலில் செருப்புகள். உள்ளே நாலு பேர், கட்டிலில் தலையணை முட்டுக்கொடுத்து நிஸாம், டீவியில் கிரிக்கெட். முப்பது வயது இருக்கும், தோள் இன்னும் சுழியோடுகிறவன் தோள்தான். பஸ்மியா சந்தோஷத்தோடு எழும்பி வந்தாள். நான் இருக்காமல் நின்றபடியே சொன்னேன்: இந்த லென்ஸ் இன்னொரு பெண்ணின் பெட்டியில் இருந்தது, அவளைக் கேட்காமல் எடுத்தேன், பிழை என்னுடையது, இப்போது திருப்பிக்கொண்டு போக வேண்டும்.

ஒருவன் சொன்னான்: "ஓடுற பெட்டியை யாராவது கழட்டுவாங்களா?"

நிஸாம் ஆட்டத்தை நிறுத்தினான். "பழசு ஓடுமா?"

"ஓடணும். ஓடாட்டி, உங்களுக்கு ஒன்டு கிடைக்கிற வரைக்கும் நான் தேடுவன். ஆனா அவட சாமான் இங்க இருக்க ஏலாது."

நிஸாம் ஜோய்ஸ்டிக்கைக் கீழே வைத்தான். "அப்ப இங்க வச்சுக் கழட்டுங்க," என்று கட்டிலைத் தட்டினான். "என்ட கண்ணுக்கு முன்னால."

ஒரு சாப்பாட்டுத் தட்டத்தைக் கட்டிலில் வைத்து, அதன்மேல் பெட்டியைத் திறந்தேன். முட்டைத் தட்டு கொண்டுபோகவில்லை. நிஸாம் உள்ளங்கையை நீட்டினான், ஒவ்வொரு ஸ்க்ரூவாக அதில் வைத்தேன். மற்றக் கையில் டோர்ச் பிடித்தான். நான் கேட்காமலே வெளிச்சம் என் விரல் போகும் இடத்துக்குப் போனது. தண்ணிக்குக் கீழே இருட்டில் வேலை செய்து பழகிய கை. ஸரீனாவின் லென்ஸை எடுத்துத் துணியில் சுற்றினேன். பழையதைப் போட்டேன். கரண்ட் கொடுத்தேன்.

திரை கறுப்பாகவே நின்றது. சீடி சுற்றவில்லை.

திரும்பவும் கரண்டைப் பிடுங்கி, மூடியைத் தூக்கினேன். எங்கே பிழை என்று பார்க்கிறேன், தெரியவில்லை.

"ராத்தா, அந்த ரிப்பன் வயர்," என்றான் நிஸாம். "ஒரு பக்கம் மேல நிக்குது."

பார்த்தேன். ஒரு நூல் அளவு. அழுத்தினேன், டக்கென்று இறங்கியது. சீடி சுற்றியது, லென்ஸ் தேடியது, தடக்கவில்லை, திரையில் பச்சை மைதானம் வந்தது. பஸ்மியா குசினிக்குள் போய்விட்டாள். கோப்பைகளின் சத்தம் மட்டும் கேட்டது.

ஸரீனா மகனோடு வந்தாள். பெட்டி முழுதாக, நல்லபடி ஓடுகிறதாக மேசையில் இருந்தது. சொல்லாமல் கொடுத்திருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்காது. நாநா சொல்லச் சொல்லவில்லை, சொல்ல வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சொன்னேன். அவள் முகம் மாறியது.

"மூணு வருஷம் அங்க அடுத்தவங்கட குளியலறை கழுவினன். என்ட பிள்ளைக்கென்டு கொண்டுவந்த ஒரே சாமான் இது. டெலிபோன்ல ஒரு வார்த்தை கேட்க ஏலாமப் போச்சா? கேட்டிருந்தா நானே தந்திருப்பன்."

மகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டான். அவள் அதற்குப் பிறகு எங்கள் கடைக்கு வரவில்லை. கனமூலைப் பஸ்ஸில் இன்றைக்கும் சில வேளை காண்கிறேன். ஸலாம் சொன்னால் பதில் சொல்வாள், அவ்வளவுதான். அன்றைக்கு அவள் போன பிறகு நாநா என்னிடம் சொன்னது ஒரே வசனம்: "அவ சொன்னது சரி தங்கச்சி." அது ஏச்சு இல்லை. ஆனாலும் அதைவிடப் பெரிய ஏச்சை நான் வாங்கியதில்லை.

சில நாள் கழித்து பஸ்மியா ஒரு கேள்வியோடு வந்தாள். திருத்தவே முடியாத ஒரு செத்த பெட்டி இருந்தால் தரச் சொல்லி நிஸாம் கேட்டனுப்பியிருந்தான், சும்மா திறந்து பார்க்க. வளைகுடாவுக்கு வேலைக்குப் போன பெண்கள் கொண்டுவந்தவை கடைப் பின்னால் குவிந்து கிடந்தன. இரண்டு கொடுத்தேன். பத்து நாளில் இரண்டும் திரும்பி வந்தன, மாஜரின் டப்பாக்களில். மோட்டார் தனி, லென்ஸ் தனி, ஸ்க்ரூ அளவு அளவாக, ஒவ்வொரு டப்பாவிலும் எழுத்து. ஒரு லென்ஸில் "கால் தேய்ஞ்சது, கண் நல்லம்" என்று எழுதியிருந்தான். காலைச் சரிசெய்து போட்டுப் பார்த்தேன். கண் நல்லம்தான்.

அதற்குப் பிறகு செத்த பெட்டி எது வந்தாலும் பள்ளிவாசல்துறைக்குத்தான் போகும். போத்தல்காரர் தன்னிடம் இருப்பதை நேரே அங்கே இறக்கத் தொடங்கினார். புத்தளத்திலிருந்து சிலாபம் வரைக்கும் என் கையால் திருத்திய பெட்டிகளில் பாதிக்கு மேல் நிஸாம் கழற்றி, துடைத்து, சோதித்துத் தந்த சாமான்தான் ஓடுகிறது. நாநா வயதாகி மௌத்தான பிறகு கடையை அவருடைய பிள்ளைகள் வேறு வியாபாரத்துக்கு எடுத்தார்கள். நான் கரைத்தீவு வீட்டிலேயே மேசை போட்டேன். அப்போதும் சாமான் அங்கிருந்துதான். குழுவில் கேட்ட பிள்ளைக்கு என் பதில் இதுதான். நிஸாம் இன்றைக்கும் கொடுக்கிறான். போய்க் கேளுங்கள்.

போன மாதம் என் கருவிகளை எல்லாம் ஒரு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நிஸாமிடம் போனேன். அவன் இப்போது சக்கரக் கதிரையில், உயரம் குறைத்த மேசையில் வேலை செய்கிறான். தாடி நரைத்துவிட்டது. பழைய நாலு பேரில் இரண்டு பேர் வந்திருந்தார்கள். சாம்பல் பெட்டி டீவிக்குக் கீழே இருந்தது, ஆட்டம் நடந்தது.

"ராத்தா, ஒரு ஓவர் விளையாடுங்க," என்று ஜோய்ஸ்டிக்கை நீட்டினான்.

"எனக்கு விளையாடத் தெரியாது."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உண்மைதான். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பெட்டிக்குக் கரண்ட் கொடுத்திருக்கிறேன். முதல் படம் வந்ததும் நிறுத்தி, மூடி, பெயர் எழுதி வைத்துவிடுவேன். அதற்கு அப்பால் என்ன இருக்கிறதென்று பார்த்ததில்லை. எந்தப் பட்டன் எதற்கு என்று நிஸாம் காட்டித் தந்தான். முதல் பந்து வந்தது. நான் அழுத்தியபோது அது போய்விட்டது, விக்கெட் விழுந்தது. மூன்று பேரும் சத்தம் போட்டுச் சிரித்தார்கள், பஸ்மியா கதவில் சாய்ந்து நின்று சிரித்தாள். நிஸாம் ஜோய்ஸ்டிக்கை வாங்கக் கை நீட்டினான்.

நான் கொடுக்கவில்லை. இன்னொரு பந்து போடச் சொன்னேன்.